‘பார்த்தாச்சு’ பொத்தான்

நாலே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சுட்டான், ஒன்றைத் தின்றான். ஷூ நாடாவைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

கூடத்தில் மாமியார், சட்டம் போட்ட செய்தித்தாள் துணுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ‘பயணிகளைக் காப்பாத்திட்டேன், அது போதும்’ என்பதுதான் பஸ் ஓட்டிய அவள் மகளின், இவன் மனைவியின், கடைசிப் பேச்சு என்று அதில் போட்டிருந்தது. பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது அவள் பஸ்ஸை மண்மேட்டில் ஏற்றினாள். பதினொரு பயணிகளும் பிழைத்தார்கள். அவள் பிழைக்கவில்லை. அதெல்லாம் நிஜம். பேச்சு மட்டும் எழுதியவனின் கைச்சரக்கு.

“இன்னிக்குத்தானே மாப்பிள்ளை விசாரணை? இதை எடுத்துட்டுப் போங்க. அவங்களும் பார்க்கட்டும்.”

“அவங்ககிட்ட இருக்கும் அத்தை.”

கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு மூன்றாவது நாற்காலி. திரையில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு பச்சைப் புள்ளி. பிரேக்கில் காற்று குறைந்தால் புள்ளி சிவக்கும், அலாரம் கத்தும். பஸ்ஸை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் மழைக்காலத்தில் ஒயரில் ஈரம் பட்டாலே சிவந்துவிடும். அதனால் அறையில் ஒரு வழக்கம்: ஓட்டுநரை ஒரு வார்த்தை கேட்பது, ‘பார்த்தாச்சு’ பொத்தானை அமுக்குவது. புள்ளி பச்சையாகிவிடும். நாலு மாதத்துக்கு முன்னால் மனைவி ஓட்டிய பஸ்ஸின் புள்ளியைப் பச்சையாக்கியது இவன் விரல். பொத்தானை எடுத்துவிடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யத்தான் விசாரணை அதிகாரி வந்திருந்தார்.

தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். குடிக்கவில்லை. ஜன்னல்வரை போனான், வந்தான்.

“உட்காருப்பா,” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். வாய் ஓயாதவர், எல்லாருக்கும் ரேடியோ அண்ணன். “நீ நடக்கிற நடைக்கு ஒரு ரூட் நம்பரே கொடுக்கலாம்.”

மேற்பார்வையாளர் வந்து அவன் தோளருகே குனிந்தார். “மழைன்னு சொல்லிடு தம்பி. மழை மேல யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது. உன் சம்சாரத்தோட பேரும் கெடாது, உனக்கும் வேலை நிலைக்கும். நீங்க ரெண்டு பேரும் பேசினது எதுலயும் பதிவாகலை.”

அவன் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அலாரம் கத்தியது. இருபத்தேழாம் நம்பர், அதே பாலத்துக்கு முன்னால். அண்ணனின் விரல் தன் பாட்டுக்குப் பொத்தானுக்குப் போனது. இவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“விடுப்பா. ஈரம்தான்.”

இவன் மைக்கை இழுத்தான். “இருபத்தேழு, இறக்கத்துக்கு முன்னாடி ஓரங்கட்டுங்க.”

“சார், ஏற்கெனவே லேட்டு. பின்னாடி ஆஸ்பத்திரிக்குப் போற மருந்துப் பெட்டி வேற இருக்கு. சனங்க என்னைத் திட்டுவாங்க.”

“என்னைத் திட்டச் சொல்லுங்க. மெக்கானிக் வர்ற வரைக்கும் நகராதீங்க.”

நாற்பது நிமிடம். அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மெக்கானிக் பேசினார்: “ஒயர்ல ஈரம். பிரேக் கல்லு மாதிரி இருக்கு.”

“போதுமா?” என்றார் அண்ணன். “ஊரே கெடக்குது ரோட்டுல.”

“கெடக்கட்டும்ணே. எல்லாரும் உசுரோட கெடக்காங்க.”

அண்ணன் நாற்காலியைப் பொத்தானிலிருந்து ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அதிகாரி நடுத்தர வயதுப் பெண். பேனாவை மூடியே வைத்திருந்தார்.

“சிவப்பு வந்ததும் அவங்களைக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேன்.”

“மழைதான் காரணம்னு உங்க மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்திருக்காரு. அப்படியே போட்டுக்கலாமா?”

மாமியார் சாயங்காலம் கேட்பாள். சட்டம் போட்ட துணுக்கில் இருக்கும் பேச்சு பொய் என்று அவளிடம் இவன் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். மழை என்று சொல்லிவிட்டால் அது வேண்டாம். பொத்தானும் இருந்த இடத்திலேயே இருக்கும், அண்ணனின் விரலும்.

“வேணாம் மேடம். பிரேக் சிவப்பு காட்டினது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். அமுக்கினது நான்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “அவங்க என்ன சொன்னாங்க? அதே வார்த்தையில சொல்லுங்க.”

அவன் சொன்னான்.

“ஈரம்தாம்பா, தினமும் இதே பாட்டு. இப்ப நிறுத்தினா இவங்கெல்லாம் என்னைப் பிச்சிடுவாங்க. நீ அமுக்கிட்டுப் போய் டீ குடி.”