பதினெட்டாம் நாள் கதிர்

வைத்தி பிளேடைத் துடைத்துவிட்டுப் பச்சைக் கோதுமை மணியைக் குறுக்கே சீவினான். வெங்காயச் சருகைவிட மெல்லிசாக விழவேண்டும். டில்லிக்கு வந்ததிலிருந்து பதினோரு வருஷமாகப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு இதே வேலைதான். பூத்த அன்றே கதிரில் நூல் கட்டி, நாள் எண்ணிப் பறித்து, சீவி, நீலச் சாயத்தில் நனைத்து டாக்டர் வேதாந்தத்தின் மைக்ராஸ்கோப்பில் வைப்பான். அதற்குமேல் அவர் பாடு. இன்று பறித்தது பதினெட்டாம் நாள் கதிர். லீவு முடிந்து அவன் வேலைக்கு வந்த முதல் நாளும் இதுதான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து, உயிரில்லாமல் பிறந்து, ஒன்பது நாள் ஆகியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் அவன் மேஜைக்கு வந்தது.

“நடுவுல பாருங்கோ வைத்தி, நீலம் ஏறியிருக்கு,” என்று வேதாந்தம் நகர்ந்து இடம் விட்டார். “உசிரோட இருக்கற செல் சாயத்தை உள்ள விடாது. செத்ததுதான் விடும்.”

வைத்தி குனிந்து பார்த்தான். ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் வெளுப்பாக இருந்தது. நடுவெல்லாம் நீலத் திட்டு.

“நான் சீவினதுல செத்துடுத்தா, சார்?”

“சேச்சே. பிளேடு பட்டுச் செத்திருந்தா ஓரமும்னா நீலமாயிருக்கணும்? இது தானாவே நடக்கறது. உள்ள மாவு நிரம்ப நிரம்ப ஒவ்வொண்ணா நின்னுடறது. நோயும் இல்லை, யார் தப்பும் இல்லை. நாளைக்கு முளைக்கப்போற செடிக்கு ஆகாரம் அதுதானே.”

அவர் கோதுமையைத்தான் சொன்னார். ஆனால் ‘யார் தப்பும் இல்லை’ என்ற மூன்று வார்த்தைகளை வைத்தி பிடித்துக்கொண்டான். யாராவது தன்னிடம் அதைச் சொல்லமாட்டார்களா என்று ஒன்பது நாளாக அவன் ஏங்கிக்கொண்டிருந்தான்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் அவன் மனைவி காமாக்ஷி வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “ஏன்னா, மத்தியானத்துலேர்ந்து குழந்தை அசையவே இல்லை,” என்றாள். வயலில் நாளெல்லாம் நின்ற அசதி அவனுக்கு. “தூங்கறதாயிருக்கும். காலம்பற போய்க் காட்டலாம்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டாள். பிறகு இடம் மாற்றி, மாற்றி, மாற்றி வைத்தாள். முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவன் டாக்டரிடம் கேட்கவில்லை. காமாக்ஷியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவனைத் தின்றது.

இன்று மத்தியானமே பெர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு பஸ் ஏறினான். வீடு இருந்த கோல் மார்க்கெட் வரும்வரை, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மாடி அறையில் காமாக்ஷி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“காமு, இன்னிக்கு லேப்ல ஒண்ணு பார்த்தேன். பால் பிடிச்ச மணியில…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. மாத்திரை கொடுத்தும், துணியால் கட்டியும் பால் நிற்கவில்லை. ஊரில் என்றால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள் என்று அவள் அம்மா எழுதியிருந்தாள். மார்ச் மாசத்து டில்லியில் மல்லிகைக்கு அவன் எங்கே போவான்?

“சொல்லுங்கோ,” என்றாள்.

சொன்னான். நீலத்தைச் சொன்னான். தானாகவே நின்றுபோவதை, அதுவே முளைக்கப்போகிற செடிக்கு ஆகாரமாவதைச் சொன்னான். “உள்ளுக்குள்ளயே எழுதி வெச்சிருக்காம். யார் தப்பும் இல்லையாம், காமு.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை எனக்காகச் சொல்றேளா, உங்களுக்காகவா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“செத்தாலும் அது ஒரு செடிக்கு ஆகாரமாறது. எங்குழந்தை யாருக்கு என்ன ஆச்சு?” அவள் குரலில் கோபமே இல்லை. “அதுக்கெல்லாம் எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கு. இந்த உடம்புக்குத்தான் தெரியலை. எந்தக் குழந்தை அழுதாலும் பொங்கறது.”

“அன்னிக்கு சாயங்காலமே உன்னைக் கூட்டிண்டு போயிருக்கணும்.”

“ஆமாம்,” என்றாள்.

அவன் அழுதான். அவள் அழ விட்டாள். பிறகு கையை ஊன்றித் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“கொடியில வேற துணி உலர்ந்திருக்கு. எடுத்துக் கட்டி விடுங்கோ.”

கட்டினான்.

“இன்னும் இறுக்கி.”

“வலிக்கும்டி.”

“வலிக்கட்டும்.”

அவன் முன்பக்கம் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கீழ் வீட்டில் கைக்குழந்தை ஒன்று சிணுங்கி, பிறகு வீறிட்டு அழ ஆரம்பித்தது. இருவரும் அசையவில்லை. அவன் விரல்களுக்கு அடியில் துணி மெல்ல, வெதுவெதுப்பாக நனைந்துகொண்டிருந்தது.