காருக்கு ஒரு ராட்டினம்

சுற்றும் சட்டத்தில் மாட்டி முதல் தடவை திருப்பியபோது கார் என் பிடியை உதறிக்கொண்டு தானாகவே மல்லாந்துவிட்டது. மச்சினன் ஒரே எட்டில் சுவரோரம் போய்விட்டான். நான் நகரவில்லை. தைரியமெல்லாம் இல்லை, நகர வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். மனைவி இறந்துபோன இந்த எட்டு மாதத்தில் எனக்கு எதுவுமே சட்டென்று தோன்றுவதில்லை.

"உசுரு போயிருக்கும் மாமா," என்றான்.

"அச்சு கீழ இருக்கு, பாரம் மேல நிக்குது. நாலு விரல் ஏத்தணும்."

கார் அவளுடையது. அவள்தான் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போய்வருவேன். அவள் போனபின் கொட்டகையில் சும்மா நின்றது. பழைய இரும்புக்கடைக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். அடிச்சட்டம் துருவேறி உளுத்திருந்தால் அவருக்கே கொடுத்துவிடுவது, நன்றாக இருந்தால் எப்பாடு பட்டாவது ஓட வைப்பது என்று நானும் மச்சினனும் பேசி வைத்திருந்தோம். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளே அவனுடைய அக்காதான், இதே காரில். அவனுக்கு இந்தக் கார் வேண்டும். எனக்கு வேண்டுமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அடியைப் பார்க்க காரைப் புரட்டியாக வேண்டும். பெரிய பட்டறைகளில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. முன்னும் பின்னும் காரைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் கோழி சுடுவதுபோல் சுற்றும். விலை கேட்டதோடு சரி. மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து எஞ்சின் மாட்டும் ஸ்டாண்டு இரண்டை எடுத்துவந்தேன். ஒரு தண்ணீர்க் குழாய்க்குள் இன்னொன்றைச் செருகி அச்சாக்கினேன். எஞ்சின், கதவு, கண்ணாடி எல்லாம் கழற்றி வெறும் கூடாக்கி மாட்டினேன். மச்சினன் இதற்கு ராட்டினம் என்று பேர் வைத்து, டிக்கெட் போடலாம் மாமா என்றான். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அச்சை ஏற்றிப் பற்றவைத்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. கதவில்லாத வாசல்களில் குறுக்காக நான் வைத்திருந்த குழாயை அவன் தடவிக்கொண்டே நின்றான். அந்தக் குழாய் இல்லையென்றால் புரட்டும்போது கூடு தொய்ந்துபோகும், பிறகு கதவு சாத்த வராது.

"இந்தப் பெயிண்ட் நான் அடிச்சதுல்ல?"

"ஆமா. கட்டில் குழாய்தான். கடையில இந்தக் கனம் கிடைக்கல."

"அக்கா கட்டிலையா அறுத்தீங்க?"

"ரெண்டு பேர் கட்டில். எனக்கு எதுக்கு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அறுக்கும்போது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்து தரையில் படுக்கிறேன், தூக்கமும் வருகிறது. அதுதான் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இரண்டாம் தடவை கார் ஒற்றைக் கைக்குத் திரும்பியது. பக்கவாட்டில் நிறுத்தி போல்ட்டை முடுக்கிவிட்டு விளக்கைப் பிடித்தோம். அவள் உட்கார்ந்த பக்கத்தில் அடிச்சட்டம் புதிதுபோல இருந்தது, பெயிண்ட்கூடப் போகவில்லை. என் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். சட்டம் மண்ணாக உதிர்ந்தது. என் கால் இருந்த இடத்தில் தட்டளவு ஓட்டை.

"ஒரு பக்கம் மட்டும் எப்படி மாமா?"

எனக்குத் தெரியும். பதிமூன்று வருடம், மழைக்காலம் தவறாமல், சொட்டச் சொட்டக் குடையைக் கொண்டுவந்து காலடியில் போட்டிருக்கிறேன். தண்ணி நிக்குதுங்க, டிக்கியில போடுங்களேன் என்பாள். ஒண்ணும் ஆகாது என்பேன். ஒரு நாள்கூட எழுந்துபோய்ப் போட்டதில்லை.

அவன் காரின் உள்பக்கமாகப் போய் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். "இரும்புக்கடைக்காரர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

நான் ஓட்டைக்குள் கையை விட்டேன், முழங்கைவரை.

"கை அறுபடுது மாமா. ரத்தம் வருது பாருங்க."

பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. வலி வரட்டும் என்று, கையை எடுக்காமல் நின்றேன்.