கிருபாராணி மோட்டாரின் இரைச்சல்

சூளகிரிக்கு மேற்கே இருந்த குன்றின்மேல் செயற்கைக்கோளின் சத்தம் கேட்கும் நிலையம் வந்தது 1968இல். அதே வருஷம்தான் கிருபாராணியின் கிணற்றுக்கு மின்சாரமும் வந்தது. கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்று அவள் மோட்டார் போட்டிருந்தாள். கணவன் ஜெபராஜுக்கு பெங்களூரில் ஆலை வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத்தான் ஊருக்கு வருவான். நிலம் முழுக்க அவள் பொறுப்பு. தக்காளி காய் பிடிக்கிற சமயத்தில் ஒருநாள் காலை மோட்டார் ஓடவில்லை.

கம்பத்தடியில் லைன்மேன் நாராயணப்பன் நின்றிருந்தார்.

“என்ன ஆச்சுங்கண்ணா?”

“மேலிடத்து உத்தரவும்மா. இந்த லைன்ல ஒரு கிணத்துக்கும் கரண்டு இல்ல. உங்க மோட்டார் எரைச்சல்ல, ஆகாசத்துல இருந்து வர்ற சத்தம் அவங்களுக்குக் கேக்கலியாம்.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். இல்லை என்று தெரிந்ததும், பக்கத்து நிலத்துக்காரர் திம்மராயனைக் கூட்டிக்கொண்டு நேரே குன்றேறினாள்.

நிலையத்து இன்ஜினியர் மரியாதைக்காரர்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார். “ஒரு ஸ்டேஷன் போதாதும்மா. செயற்கைக்கோள் பூமியச் சுத்திக்கிட்டே இருக்கும். நம்ம தலைக்கு மேல கொஞ்ச நேரந்தான். தாண்டிப் போனா அடுத்த நாட்டு ஸ்டேஷன் கேக்கும். உலகம் பூரா இப்படி ஒரு சங்கிலி. மோட்டார் ஓடினா அதோட மின்சார எரைச்சல் எங்க கருவில விழுந்து அந்தச் சத்தத்த மூடிடுது. நாம கேக்காம விட்டா அந்தத் தகவல் போனதுதான்.”

“கொஞ்ச நேரம்னா எவ்வளவுங்க?”

“சோத்து ஒல கொதிக்கிற நேரம்னு வெச்சுக்குங்க. தினம் சில தடவ வரும்.”

“அதுக்கு எதுக்குங்க நாள் பூராவும் கரண்ட நிறுத்தறீங்க? வர்ற நேரத்தச் சொல்லுங்க, நாங்களே நிறுத்திக்கிறோம்.”

இன்ஜினியர் சிரித்தார். “உங்களுக்கு நேரம் சொல்லி, நீங்க எல்லாரும் ஒழுங்கா நிறுத்தி... நடக்கிற காரியமாம்மா?”

அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. இறங்கி வரும்போது திம்மராயனிடம் பொரிந்து தள்ளினாள். “கோடானுகோடி மைல் தள்ளிப் போறத நம்புறாங்க. கூப்பிடற தூரத்துல இருக்கிற நம்மள நம்பமாட்டாங்களாம்!”

நிலையத்துக்குக் குடிநீர் அவள் கிணற்றிலிருந்துதான் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் வண்டிக்காரர் ராமப்பன் பீப்பாய்களோடு வந்தபோது, வாளிக் கயிற்றை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நீ வயிறார குடிச்சுட்டுப் போண்ணா. பீப்பாய்க்குத் தரமாட்டேன். எங்க கிணத்துல தண்ணி எறைச்சா எரைச்சல் வருதாம், போய்ச் சொல்லு.”

குடிதண்ணீரை மறுப்பது பாவமில்லையா என்று அவளுக்கே நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் வெயிலில் துவண்டு கிடந்த செடிகளைப் பார்த்ததும் பிடி தளரவில்லை. செய்தி பரவி, சுற்றிலும் இருந்த கிணற்றுக்காரர்கள் எல்லாரும் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு வாரம் ஓடுவதற்குள் ஜீப்பில் இன்ஜினியரே இறங்கி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. குன்றின்மேல் சிவப்புக் கொடி ஏறினால் மோட்டாரை நிறுத்துவது, இறங்கினால் போட்டுக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். மின்சாரம் திரும்பியது. வண்டியும் தண்ணீர் எடுத்துப் போனது. கொடி ஏறிய பிறகு ஒருவர் மோட்டாரும் ஓடியதில்லை.

ஆனால் தக்காளி கருகிப்போயிருந்தது. அதைப் பற்றி நிலையத்தார் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதிலாக, ஊரார் வந்து செயற்கைக்கோள் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அழைத்தார்கள்.

கிருபாராணியும் போனாள். ஒலிபெருக்கியில் இரைச்சலுக்கு நடுவே, குருவிக்குஞ்சு விட்டுவிட்டுக் கத்துவதுபோல் ஒரு மெல்லிய ஒலி. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதே என்ற வியப்பு வந்தது; கோபம் மட்டும் போகவில்லை.

“எப்படிம்மா இருக்கு?” என்றார் இன்ஜினியர், பெருமையாக.

“நல்லா இருக்குதுங்க” என்றாள் அவள். “அம்மாந் தூரத்துல கத்துறது உங்களுக்குக் கேக்குது. நான் இதே எடத்துல உக்காந்து, நாங்களே நிறுத்திக்கிறோம்னு சொன்னேனே, அது ஏனுங்க கேக்கல?”

இன்ஜினியர் கருவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். காய்ந்த செடிகளைப் பிடுங்கி ராகி நடவேண்டிய வேலை கிடந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குன்றிறங்கினாள்.