யாரிடமிருந்து ஒட்டிய மரு

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத தீர்த்தம்மாளுக்கு மறைவிடத்தில் மருக்கள் கொத்தாகக் கிளம்பியிருந்தன. வெட்கத்தை விட்டு அவள் புருஷன் சென்னப்பனிடம் சொன்னபோது, இது யாரிடமிருந்தோ ஒட்டியதுதான் என்று அவன் மனசு நேராகப் பஸ் கண்டக்டர் கோவிந்தனிடம் போய் நின்றது.

கடத்தூர் சந்தைக்கு அவள் தக்காளிக் கூடையோடு பஸ் ஏறுவாள். கூடையை வாங்கி உள்ளே வைப்பவன் கோவிந்தன். ஒருமுறை அவன் ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அதைப் பார்த்ததிலிருந்தே சென்னப்பனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இப்போது சந்தை நாளில் காட்டு வேலையைப் போட்டுவிட்டு அவனும் கூடவே போனான். அவளுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் கோவிந்தனின் விரல்களையே முறைத்தான்.

கடைசியில் கேட்டேவிட்டான். "அவங்கூட எத்தன நாளா?"

தீர்த்தம்மாள் அழவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. எப்படி வந்துச்சுன்னு அவங்களே சொல்லட்டும்."

தர்மபுரியில் லேடி டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். "இது ஆம்பளையும் பொம்பளையும் சேர்றதால ஒட்டுற மரு."

"அதத்தாங்க நானும் சொல்றேன்."

"உங்களுக்கு இருக்குதா?"

சென்னப்பன் தயங்கினான். "ரெண்டு மூணு இருக்குதுங்க. வலியில்ல. கல்யாணத்துக்கு முந்தியே வந்தது."

பக்கத்து அறை டாக்டர் அவனைப் பார்த்தார். அதே மரு.

"அப்ப உங்ககிட்ட இருந்துதான் இவங்களுக்கு ஒட்டியிருக்கு" என்றார் லேடி டாக்டர். "ஒட்டினதும் தெரியாது. வெளியே வர மாசக்கணக்கு ஆகும். ரெண்டு பேரும் வாராவாரம் வந்து மருந்து வெச்சுக்கணும். போற வரைக்கும் தள்ளியே படுங்க. திரும்பவும் வரலாம், வந்தா மறைக்காம வாங்க."

பெங்களூரில் கட்டட வேலை பார்த்த காலத்தில் ஒருத்தியிடம் போய்வந்ததை, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அவன் தலைகுனிந்து சொன்னான்.

 தீர்த்தம்மாள் கேட்டாள்: "அவ என்ன மாதிரி இருப்பா?"

"மூஞ்சியே ஞாபகமில்ல."

"என்னவிட செகப்பா?"

"ஞாபகமில்லன்னு சொல்றேனில்ல."

"ஞாபகமில்லாதவகிட்ட இருந்துதான் எனக்கு வாங்கியாந்தீங்களா?"

மருந்து வைக்க வைக்க மருக்கள் கருகி உதிர்ந்தன. அறுவடை முடிந்ததும் கட்டட மேஸ்திரி மறுபடி பெங்களூர் வேலைக்கு ஆள் சேர்க்க வந்தார். நல்ல கூலி. சென்னப்பன் வாய் திறப்பதற்குள், "அவரு வரமாட்டாருங்க" என்று சொல்லிவிட்டுத் தீர்த்தம்மாள் கதவைச் சாத்தினாள்.