மகரந்தம் கிள்ளிய லில்லி

எதிர்வீட்டு அலங்காரக்காரருக்கு, பூக்கள் எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் பூக்கின்றன என்று நினைப்பு. விழா மண்டபங்களில் மிஞ்சும் லில்லிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரு பார்க்க ஜன்னலோரம் ஜாடியில் வைப்பார். என் ஜன்னல் நேர் எதிரே இருப்பதால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அவர் மனைவி தையல்காரி. பேச்சு குறைவு, உதட்டில் எப்போதும் குண்டூசி இருந்தால் எங்கே பேசுவது? அவள் உயிரே ஒரு சாம்பல் பூனையிடம்தான் இருந்தது. வீடு வீடாகப் போய் மோப்பம் பிடிக்கும் என்பதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தது நான்தான். எட்டிப் பார்ப்பதுதானே எனக்கும் வேலை, எல்லாம் ஒரு தொழில் பாசம்.

ஒரு நாள் காலை இன்ஸ்பெக்டர் தையல் மிஷினுக்கு அடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

“ஏங்க, லில்லி இலையைக் கடிச்சிருக்குங்க!”

“பதறாதே. மகரந்தத்தை எல்லாம் நான்தான் கிள்ளிட்டேனே. விஷம் அதுலதான் இருக்கு.”

துணியில் கறை பிடிக்காமல் இருக்க லில்லியின் மகரந்தத்தைக் கிள்ளிவிடுவது அவர்கள் தொழில் வழக்கம். லில்லி பூனைக்கு ஆகாது என்று எங்கோ காதில் விழுந்ததையும் இதையும் ஒட்டுப்போட்டு, அவராகவே ஒரு வைத்தியம் தைத்திருந்தார்.

அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசி குத்தியபடியே விட்டுவிட்டு, துணிக்கூடையில் பூனையை வைத்து, கடிபட்ட இலையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தற்செயலாக நானும் வாசலில்தான் நின்றேன்.

“சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமேம்மா?”

குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்தாள். “சாயங்காலம் வரைக்கும் அது இருக்கணுமேக்கா.”

துணைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கவும்தான்.

கால்நடை மருத்துவமனையில் கூட்டம். “வரிசையில உக்காருங்க” என்றாள் வாசல் மேசைப் பெண். இவள் இலையை அவள் முன்னால் வைத்தாள். “லில்லி தின்னிருக்கு. உக்கார நேரமில்லம்மா. டாக்டரைக் கூப்பிடுங்க.” குரல் உயரவில்லை. ஆனால் மேசையை விட்டு நகரவும் இல்லை. லில்லி என்றதும் டாக்டரம்மாவே எழுந்து வந்துவிட்டார்.

சலைன் ஏறும் நேரத்தில் கணவரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “மகரந்தத்தைக் கிள்ளிட்டேனே டாக்டர்...”

“பூ, இலை, தண்டு, ஜாடித் தண்ணி எல்லாமே பூனைக்கு விஷம்தான் சார். கிட்னியே போயிடும். இவங்க உடனே தூக்கிட்டு வந்ததாலதான் நம்பிக்கையா இருக்கேன்.”

ஜன்னலோர ஜாடியை அன்றே மனிதர் தன் கையாலேயே கழுவிக் கவிழ்த்ததை நான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் பிழைத்து, இளைத்து, வீடு திரும்பியது. இப்போது அந்த வீட்டில் பூவே கிடையாது. மாலையில் அவர் வேலை முடிந்து வந்தால், வாசலிலேயே நிறுத்திச் சோதனை.

“காலர்ல துரு மாதிரி ஒட்டியிருக்கு. மகரந்தம். சட்டையைக் கழட்டுங்க.”

“எதிர்வீட்டு அக்கா பாக்கறாங்கடி.”

“அவங்க எப்பவும்தான் பாக்கறாங்க. கழட்டுங்க.”