சக்ஸீட் எந்தச் சொல்?

வடகரப்பதியில் பொங்கியண்ணனுக்கு நிலமும் பெரிது, வாயும் பெரிது. அவருடைய ஒரே மகள் பொன்னாத்தாள் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை தோற்றவள். மறுபடியும் எழுதியே தீருவேன் என்று அவள் பிடிவாதமாக இருந்த 1974-இல், கோயமுத்தூர் மில் ஒன்றில் கிளார்க்காக இருந்த சென்னிமலை, பி.ஏ., அவளைப் பெண் பார்க்க வந்தான்.

கேசரி முடிந்தது. மாப்பிள்ளையின் மாமா அப்புசாமி, "புள்ளைகிட்ட ஏதாச்சும் கேக்கோணும்னா கேளு" என்றார்.

"ஒண்ணுமில்லீங் மாமா" என்று நெளிந்தான் சென்னிமலை.

"அப்ப நான் கேக்கறனுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

பொங்கியண்ணன் வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"சக்சஸ், சக்ஸீட், சக்சஸ்புல். மூணும் ஒரே குடும்பம். இதுல பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது, பெயரடை எதுன்னு சொல்லுங்க."

சென்னிமலை விட்டத்தைப் பார்த்தான். அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. "சக்சஸ் பெயர்ச்சொல்லுங்க. சக்ஸீட் வினைச்சொல். சக்சஸ்புல் பெயரடை."

"தப்புங்க."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "தப்பாத்தான் இருக்குமுங்க" என்று தலையாட்டினான்.

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "உன்ற காலேசுக்குக் கட்டுன பீசுக்கு ரெண்டு எருமை வாங்கியிருக்கலாம்" என்று வாசல் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் போனதும் பொங்கியண்ணன் மகளிடம் வந்தார். "ஏங்கண்ணு, அந்தப் பையன் சொன்னது நெசமாலுமே தப்பா?"

"எனக்கெப்படிங்கப்பா தெரியும்? தெரிஞ்சிருந்தா பெயிலாகியிருப்பனா?"

அவருக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் அடுக்களையில் மனைவி சரஸ்வதியம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டதும் பேசாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கினான். கக்கத்தில் தலையணை மாதிரி ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் பொன்னாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது சரிதானுங்க" என்று பக்கத்தைத் திறந்து நீட்டினான்.

"அப்பறம் எதுக்குத் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. "நான் குத்துமதிப்பாத்தானுங்க சொன்னேன். பரிட்சையிலயும் அப்படித்தான் எழுதுனேன்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்கள வந்த வழியே தாட்டியுடறதுக்கு எனக்கு வேற வழி தெரியலீங்க. கல்யாணம்னா படிப்பு நின்னுபோகும்."

"எதுக்கு நிக்கோணும்? நீங்க எழுதி முடிங்க."

பொன்னாத்தாள் அரிவாளைக் கீழே வைத்தாள். "அந்தப் புஸ்தகத்தக் குடுங்க."

தொட்டியின் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். டிசைட் வினை, டிசிஷன் பெயர். பியூட்டி பெயர், பியூட்டிபுல் அதற்கு அடை. பியூட்டிபை என்று ஒன்று வந்தபோது இரண்டு பேருமே தப்பாகச் சொன்னார்கள். சரஸ்வதியம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள். அதன்பின் எல்லா ஞாயிறும் அவன் வந்தான். எருமைகள்கூட அவனைப் பார்த்துக் கத்துவதை நிறுத்திவிட்டன.

ரிசல்ட் வந்த அன்று பொன்னாத்தாள் அப்பாவிடம் ஓடினாள். "பாசுங்கப்பா. தட்டுத்தடுமாறித் தேறிட்டேன். இனிக் கல்யாணம் பேசுங்க."

"அது சரி, கோயமுத்தூருக்கு யாரு போயிச் சொல்றது?"

"அவுரு நம்ம தொட்டியிலதான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கறாருங்க."