பூஜ்ஜிய நிமிடத் தட்டு

வியாழக்கிழமை காலை அத்தானுக்கு போன் செய்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "பூஜ்ஜியம்." அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். பூச்சுத் தயாரிப்பவர். வார்னிஷ் போன்ற ஒரு திரவத்தில் வெள்ளியை மிக நுண்ணிய துகள்களாகக் கலந்து, பிளாஸ்டிக்கின் மேல் தெளித்துக் காயவைப்பார். கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரைகிறது அல்லவா, அதே கணக்குதான் இங்கும். துகள் சிறுக்கச் சிறுக்க, வெளியே தெரியும் பரப்பு கூடும்; ஈரம் பட்டால் அந்தப் பரப்பிலிருந்து வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்து, அங்கே கிடக்கும் பாக்டீரியாவின் உடம்புக்குள் புகுந்து காரியத்தைக் கெடுக்கும்.

அது எவ்வளவு நேரத்தில் கெடுக்கும் என்பதைச் சோதிப்பது என் வேலை. டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் கேட்டிருந்ததும் அதைத்தான். அவரிடம் இருபத்து நான்கு நாற்காலிகள். ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்கார அரை மணி நேரம்தான் இடைவெளி. அதற்குள் கைப்பிடிகளை மருந்துநீரால் துடைத்துக் காயவிட வேண்டும். அவருக்கு ஆள் போதவில்லை. பூச்சு அரை மணி நேரத்தில் வேலை செய்யுமானால், திங்கள் முதல் நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்று முடிவு செய்திருந்தார்.

திங்கள், புதன், வெள்ளி அப்பாவுக்கு அங்கேதான் டயாலிசிஸ். ஒன்பதாம் நாற்காலி.

சோதனை எளிமையானது. தோலில் வாழும் பாக்டீரியா கலந்த ஒரு சொட்டைப் பூச்சிட்ட பிளாஸ்டிக் துண்டில் வைக்கிறோம். பதினைந்து நிமிடம் கழித்துத் துண்டைக் குழாயில் போட்டு, உப்புநீர் விட்டுக் குலுக்குகிறோம். அந்த நீரில் கொஞ்சத்தை எடுத்து, பாக்டீரியாவுக்குத் தீனி வைத்த கண்ணாடித் தட்டில் பரப்பி ஒரு நாள் கதகதப்பில் வைக்கிறோம். பிழைத்த ஒவ்வொன்றும் பெருகி ஒரு புள்ளியாகும். பூச்சில்லாத துண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி. பூச்சிட்டதற்கு ஒன்றுகூட இல்லை.

போனை வைத்த பிறகுதான் அடுக்கின் அடியில் இருந்த கடைசித் தட்டைப் பார்த்தேன். அது பூஜ்ஜிய நிமிடத் தட்டு. பூச்சின் மேல் சொட்டை வைத்த கையோடு எடுத்துக் கழுவியது, வழக்கத்துக்காகச் செய்வது. அதில் இருநூறு புள்ளியாவது இருந்திருக்க வேண்டும். வாசலில் கால் வைத்ததுமே யாரும் செத்து விழுவதில்லை.

அதிலும் ஒன்றுமில்லை.

அப்படியானால் சாவு பூச்சின் மேல் நடக்கவில்லை, குழாய்க்குள் நடந்திருக்கிறது. குழாய்களை வரிசையாக நிறுத்திவிட்டு, வேறு வேலை பார்த்து, சாப்பிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் தட்டில் பரப்பினேன். பூச்சிலிருந்து வெள்ளி கழுவுநீரில் இறங்கி, அந்த மூன்று மணி நேரமும் சாவகாசமாகக் கொன்றிருக்கிறது. இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. வெள்ளிக்குக் கந்தகத்தின் மேல் எப்போதும் ஒரு கண்; வெள்ளிப் பாத்திரம் கறுப்பதே அதனால்தான். கழுவுநீரில் கந்தகமுள்ள உப்பைச் சேர்த்தால் வெள்ளி பாக்டீரியாவை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண பெயிண்டைச் சோதித்த பழக்கத்தில் நான் வெறும் உப்புநீரை ஊற்றியிருந்தேன்.

அன்றே மறுபடி செய்தேன், இந்த முறை கந்தக உப்புச் சேர்த்து, குழாய்களைக் காத்திருக்கவிடாமல். வெள்ளிக்கிழமை எண்ணினேன். பூஜ்ஜிய நிமிடத்தில் இருநூற்றெட்டு. பதினைந்து நிமிடத்தில் நூற்றுத் தொண்ணூறு. அரை மணியில் நூற்று அறுபது. இரண்டு மணி நேரத்தில் பதினொன்று. ஆறு மணி நேரத்தில் எதுவுமில்லை.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அத்தானின் பட்டறைக்குப் போனேன். மேசையில் நாற்பத்தெட்டு ஸ்டிக்கர்கள், கைப்பிடிக்கு ஒன்று. நீல நிறத்தில், பெரிய எழுத்தில்: 'ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டாம்.'

"வாங்க லேப் மேடம். எப்படி இருக்கு டிசைன்?" என்றார் அத்தான்.

"நான் சொன்னது தப்பு அத்தான்."

நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து நீயே பூஜ்ஜியம்னே. இன்னைக்கு நீயே இல்லேங்கறே. நாளைக்கு என்ன சொல்லுவே?"

"இதையேதான் சொல்லுவேன்."

"அந்தக் கடைசித் தட்டைப் பாக்காமயே இருந்திருக்கலாம்."

"பாத்துட்டேனே."

உள்ளே தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, "அவ சின்ன வயசுலயே அப்படித்தான். மூடியிருக்கிற டப்பாவ விடமாட்டா" என்றாள்.

அத்தான் சிரிக்கவில்லை. "சரி, ஆறு மணி நேரத்துல எல்லாம் போயிடுதில்ல? அது நல்ல ரிசல்ட்தானே? பூச்சு கிருமியைக் கொல்லும்னு மட்டும் எழுது. நேரத்த எதுக்குப் போடணும்? பொய் ஒண்ணும் இல்லையே."

"சிஸ்டர் கொல்லுமான்னு கேக்கல. அரை மணியில கொல்லுமான்னு கேட்டாங்க. நேரத்த விட்டா அவங்க கேள்விக்கு நாம பதிலே சொல்லல."

"மூணு வருஷ உழைப்பு" என்றார் அத்தான், ஸ்டிக்கர்களை விரலால் புரட்டியபடி.

"திங்கக்கிழமை ஒன்பதாம் நம்பர்ல யார் உக்காருவாங்க?" என்று கேட்டாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை, தண்ணீர்க் குழாயை மட்டும் மூடினாள்.

அத்தான் ஸ்டிக்கர்களைத் தள்ளி வைத்தார். பிறகு போனை எடுத்துத் தலைமை நர்ஸை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், பூச்சு வேலை செய்யுது. ஆனா மெதுவா. அரை மணியில முக்கால்வாசி உயிரோடதான் இருக்கு. நீங்க துடைக்கறத நிறுத்தக் கூடாது."

"நல்லவேளை சொன்னீங்க. திங்கக்கிழமை ட்யூட்டி லிஸ்டே மாத்திட்டேன், திரும்ப எழுதிடறேன்" என்றார் அவர். "வைரஸுக்கு எப்படி?"

அத்தான் என்னைப் பார்த்தார். "அது இன்னும் சோதிக்கல சிஸ்டர்" என்றேன்.

"சரி. துடைக்கறோம், அதோட பூச்சும் இருந்தா நல்லதுதான். ஆனா எங்க மருந்துநீர்ல குளோரின் இருக்கு. தினம் நாலு தடவ தேச்சா உங்க பூச்சு தாங்குமா?"

அதை நாங்கள் மூவருமே யோசித்திருக்கவில்லை. ஐம்பது முறை துடைத்த துண்டைச் சோதித்துவிட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அதுவரை பூச்சு வேண்டாம் என்றார் அவர். போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார்.

"ஸ்டிக்கர் போட்டோ அனுப்பியிருந்தீங்களே. தூரத்துலருந்தே படிக்க முடியுது. அதுல கொஞ்சம் மாத்திக் குடுக்க முடியுமா? புதுசா வர்ற பொண்ணுங்க துடைக்க மறந்துடறாங்க."

மாற்ற வேண்டியது ஓர் எழுத்துத்தான். ஞாயிறு மாலை அக்கா வெள்ளை ஒட்டுத்தாளில் நாற்பத்தெட்டு 'டு' எழுதினாள், நான் வெட்டினேன், அத்தான் ஒவ்வொரு 'டா'வின் மேலும் ஒட்டி, ஒளிபுகும் டேப்பால் மூடினார். "மூணு வருஷ ஆராய்ச்சில முதல்ல வார்டுக்குள்ள போறது ஸ்டிக்கர்தான்" என்றார். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

திங்கள் காலை அப்பாவுடன் நான் போனேன். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். உட்காருமுன்பே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கைப்பிடியைப் படித்தார்.

"ஒட்டுப் போட்டிருக்கு. யார் விட்ட பிழை?"

"நான் விட்டதுதான்ப்பா."

"பாத்துத் திருத்திட்டீங்களே. 'டு'தான் கொஞ்சம் கோணல்."

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வந்தாள். ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்துவிட்டு, துணியை நனைத்து இரண்டு கைப்பிடியையும் துடைத்தாள்.

"தாத்தா, காயற வரைக்கும் கை வைக்காதீங்க. அஞ்சு நிமிஷம்."

அப்பா சாய்ந்து உட்கார்ந்து, போலீஸிடம் பிடிபட்டவரைப் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார். ஐந்து நிமிடமும் இறக்கவில்லை.